(2025 செப்டம்பர்) அமெரிக்கா வரி பண்ருட்டி முந்திரிக்கு 50 பர்சன்ட், வியட்நாமுக்கு 20... நம்மள மாதிரி ஊருங்க யாரு பக்கம்தான் நிக்கிறது?

கொட்டமூட்டை_பையன் (காடாம்புலியூர்):

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், மொத தடவ எழுதுறேன், நீளமா போச்சுன்னா திட்டாதீங்க.

எங்க வீட்ல முந்திரி கம்பெனி. கம்பெனின்னதும் பெருசா நெனச்சிக்காதீங்க, ஒரு ஷெட்டு, கொட்டை அவிக்க ஒரு பாய்லர், கொஞ்சம் கட்டிங் மெஷின், ஒரு ட்ரையர், தோல் எடுக்க கிரேடு பிரிக்கன்னு 22 பேரு, அதுல ரெண்டு பேரு தவிர எல்லாரும் பொம்பளைங்க. நாங்க நேரா வெளிநாட்டுக்கு அனுப்புற ஆளு இல்ல, அனுப்புற ஒரு பெரிய வியாபாரிக்கு பருப்ப குடுப்போம், மிச்சம் லோக்கல்ல போயிரும். 2025 ஆகஸ்ட் 27ல இருந்து அமெரிக்கா நம்ம சரக்குக்கு 50 பர்சன்ட் வரின்னு ஆனதும் அந்த வியாபாரி "அந்தப் பக்கம் ஆர்டர் நின்னுபோச்சு, டபிள்யூ 240 (பெரிய முழுப்பருப்பு கிரேடு) இப்ப வேணாம்"னு சொல்லிட்டாரு, எடுக்கிற சரக்கையும் கொறச்சி கேக்குறாரு. தீபாவளி வருது தள்ளிவிட்றலாம்னு அப்பா வாயால சொல்றாரு, ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து வாசல்ல உக்காந்துனு இருக்காரு.

எனக்கு என்ன கொழப்பம்னா எங்க ஷெட்டுக்குள்ள இருக்கிறது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நாட்டுது. கொட்டை ஐவரி கோஸ்ட்ல இருந்து தூத்துக்குடி வந்து வருது. கட்டிங் மெஷின் வியட்நாம். பருப்ப நிறம் பாத்து பிரிக்கிற கலர் சார்ட்டர் சைனா, போன வருஷம் அதுல போர்டு போயிருச்சு, அந்த ஊரு டெக்னீஷியன் வரதுக்கு விசா கெடைக்கல, அவன் வீடியோ கால்ல சைனீஸ்ல சொல்ல, இன்னொருத்தன் அத இங்கிலீஷ்ல சொல்ல, நான் தமிழ்ல எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு சொல்ல, 11 நாள் ஆச்சு ஓட வைக்க. ஜெனரேட்டருக்கு ஊத்துற டீசல் ரஷ்யா எண்ணெய்ல வந்ததா கூட இருக்கலாம், அத இந்தியா வாங்குனதுக்குத்தான் அந்த 50ல 25 பர்சன்ட் அபராதமா எக்ஸ்ட்ரான்றாங்க. ரஷ்யா எண்ணெய்க்கும் எங்க ஷெட்டுல தோல் எடுக்கிற அக்காங்களுக்கும் என்னாங்க சம்பந்தம்?

காலேஜ்ல எங்க சாரு "இந்தியா எல்லார் கூடயும் பழகும், யாரு கூட்டணிலயும் சேராது, அதான் புத்திசாலித்தனம்"னு சொல்றாரு. கேக்க நல்லாத்தான் இருக்கு, ஆனா எல்லார் கூடயும் பழகுனா எல்லாருகிட்டயும் அடி வாங்குற மாதிரி இருக்கே. இதுல புயல் வேற, 2011ல தானே புயல் வந்தப்ப எனக்கு ஏழு வயசு, எங்க தாத்தா நட்ட மரம் ஒண்ணு கூட மிச்சமில்ல, அதனாலதான் வெளிநாட்டுக் கொட்டையே இவ்ளோ வாங்க வேண்டி வந்துச்சுன்னு அப்பா சொல்வாரு.

கேள்வி இதுதான். நம்மள மாதிரி நாடுங்க, நம்மள மாதிரி ஊருங்க, பெரிய ஆளுங்க சண்டைக்கு நடுவுல மாட்டாம எப்படி பொழைக்கிறது? எவனாச்சும் இத ஒழுங்கா பண்ணியிருக்கானா?


எம்பது_கிலோ:

தம்பி மொதல்ல பதறாத. நான் பண்ருட்டில இந்த வியாபாரத்துல 31 வருஷம். அப்பாகிட்ட சொல்லு, நம்ம நாட்ல உடைக்கிற பருப்புல பெரும்பங்கு நம்ம நாட்லயேதான் தின்னு தீருது, உலகத்துலயே அதிகமா முந்திரி திங்கிறது நாமதான். ஸ்வீட் கடை, கல்யாணம், பிரியாணி, கோயில் பொங்கல் இருக்கிற வரைக்கும் ஷெட்டு மூடாது. அமெரிக்காக்காரன் போனது வலிதான், ஆனா அவன நம்பி நம்ம தொழில் ஓடுன காலம் போயி ரொம்ப வருஷம் ஆச்சு. அந்தக் கதைய கேளு, உன் கேள்விக்கு பாதி பதில் அதுல இருக்கு.

1990கள் ஆரம்பத்துல வியட்நாம் நமக்கு பச்சைக் கொட்டை, அதாவது உடைக்காத கொட்டை, வித்துனு இருந்தான். ஆமா, வியட்நாம் கொட்டை, நம்ம உடைச்சோம், அமெரிக்காவுக்கு நம்ம அனுப்புனோம். அவன் ஊரு கொட்டை அவுட்டர்ன் நல்லா இருக்கும், அதாவது 80 கிலோ மூட்டைக்கு எத்தன பவுண்டு பருப்பு நிக்குதுன்னு பாக்குற கணக்கு, புதுசா படிக்கிறவங்களுக்கு சொல்றேன். அவன் கொஞ்ச நாள் பாத்தான், இவனுங்க நம்ம கொட்டைய வாங்கி உடைச்சி காசு பாக்குறானுங்களே, நம்மளே உடைச்சா என்னன்னு. ஆள் கூலியில நம்மகிட்ட ஜெயிக்க முடியாதுன்னு தெரிஞ்சி மெஷின்ல எறங்குனான். சும்மா இல்ல, அவன் ஊரு மெக்கானிக்குங்களே உக்காந்து கட்டிங் மெஷின், தோல் எடுக்கிற மெஷின்னு ஒவ்வொண்ணா செஞ்சான். 2006ல பருப்பு ஏத்துமதில நம்மள தாண்டிட்டான். இன்னிக்கு அவன் சொந்தக் கொட்டை பத்தாம ஐவரி கோஸ்ட், தான்சானியா, கம்போடியான்னு வாங்கி உடைக்கிறான், அந்த மெஷின நீ வாங்கி ஷெட்டுல வச்சிருக்க.

இப்ப அரசியல். 2023 செப்டம்பர்ல பைடன் வியட்நாம் தலைநகரு ஹனோய் வந்தாரு. டிசம்பர்ல ஜி ஜின்பிங் வந்தாரு. 2024 ஜூன்ல புடின் வந்தாரு. ஒம்போது மாசத்துல மூணு பேரும் அதே ஊர்ல கை குலுக்குறாங்க. அவங்க ஆளுங்களே இதுக்கு மூங்கில் ராஜதந்திரம்னு பேரு வச்சிருக்காங்க, வேரு கெட்டி, தண்டு வளையும்னு. இவ்ளோ வளைஞ்சும் 2025 ஏப்ரல்ல ட்ரம்ப் அவங்களுக்கு 46 பர்சன்ட் போட்டாருல்ல, ஓடிப்போயி பேசி 20க்கு கொண்டாந்தாங்க. அதுலயும் சைனா சரக்க உங்க ஊரு முத்திரை குத்தி அனுப்புனா 40னு ஒரு கொக்கி.

நம்ம பக்கம் என்ன ஆச்சு பாரு. 2025 ஆகஸ்ட்ல போட்ட அதே 50 பர்சன்ட் பட்டியல்ல ஸ்ரீபெரும்புதூர்ல செய்ற ஐபோனுக்கு வரி இல்ல. ஜெனரிக் மாத்திரைக்கு இல்ல. திருப்பூர் பனியனுக்கு உண்டு, கடலூர் பக்கத்து இறாலுக்கு உண்டு, முந்திரிக்கு உண்டு. ஏன்னா மாத்திரை இல்லாட்டி அவன் ஊர்ல ஆஸ்பத்திரி திணறும். முந்திரி இல்லாட்டி பாதாம் திம்பான், இல்ல வியட்நாம் முந்திரி திம்பான். ரஷ்யா எண்ணெய் நம்மள விட சைனா அதிகமா வாங்குறான், அதுக்குன்னு அவனுக்கு அபராதம் போட்டாங்களா? அவன்கிட்ட ரேர் எர்த் (மோட்டாருக்கு வேண்டிய அரிய உலோகம்) இருக்கு, ஏப்ரல்ல அத நிறுத்திப் புடிச்சதும் கார் கம்பெனிக்காரன்லாம் அலறுனான். யாரு பக்கம் நிக்கிறோம்னு எவனும் பாக்குறதில்ல தம்பி, நீ கதவ சாத்துனா எனக்கு வலிக்குமான்னுதான் பாக்குறான்.

அப்பாகிட்ட இதயும் சொல்லு, இந்த 2025 செப்டம்பர்ல டாலர் 88 ரூபா தாண்டிடுச்சு, கொட்டைக்கு டாலர்ல காசு கட்டணும். என்னைக் கேட்டா வரிய விட இதான் உன் ஷெட்டுக்கு பெரிய அடி.


மணிலாபயிர்:

வியட்நாம புகழ்ற எல்லாரும் ஒண்ண மறந்துர்றீங்க, அங்க ஒரே கட்சி, மேல இருந்து சொன்னா கீழ நடக்கும். இங்க ஒரு ஷெட்டுக்கு கரண்ட் கனெக்ஷன் மாத்தவே ஆறு மாசம். ஒப்பிடுறதே தப்பு.


எம்பது_கிலோ:

மெஷின கண்டுபுடிச்சது கட்சி இல்லப்பா, மெக்கானிக்கு. நம்ம ஊர்லயும் அந்த மாதிரி ஆளு இருந்தான், வெல்டிங் பட்டறை வச்சிருந்தான், கால் மிதி கட்டிங் மெஷின்ல ரெண்டு மாத்தம் பண்ணி கொண்டாந்து காட்னான். நாங்கதான் கூலிக்கு ஆள் சல்லிசா கெடைக்குதே எதுக்குன்னு அனுப்பிட்டோம். நானும் அதுல ஒருத்தன்.


முத்தியால்பேட்டை_டு_அபிஜான்:

வணக்கம் மக்களே. புதுச்சேரிக்காரன், இப்ப வேலை ஐவரி கோஸ்ட்ல, ஒரு வியாபாரிக்கு கொட்டை பாத்து வாங்குற ஆளு. பிப்ரவரில இருந்து ஜூன் வரைக்கும் புவாக்கே பக்கம் கிராமம் கிராமமா சுத்துவேன், கையில ஒரு தராசு, ஒரு கட்டரு, மூட்டைல இருந்து ஒரு கிலோ எடுத்து வெட்டி எண்ணி அவுட்டர்ன் போட்டு பாக்குறது. எங்க தாத்தா பிரெஞ்சு பட்டாளத்துல இருந்த சொல்தா (சிப்பாய்), அந்த புண்ணியத்துல கொஞ்சம் பிரெஞ்சு வரும், அத வச்சி ஓடுது. அவங்க ஊரும் பிரெஞ்சுக்காரன் கையில இருந்த ஊரு, நம்ம ஊரும் அப்படித்தான், மொத தடவ இங்க இருக்கிற பெரிய நகரம் அபிஜான்ல பேக்கரில நின்னு ரொட்டி வாங்கறப்ப நம்ம ஊரு பாட்டி மாதிரியே ஒரு கெழவி "பகெத்"னு கேட்டுச்சு, சிரிப்பு வந்துச்சு. சரி விஷயத்துக்கு வரேன்.

தம்பி நீ கேக்குற கேள்விய இங்க உக்காந்து பாத்தா தலைகீழா தெரியும். இந்த ஊரு விவசாயிக்கு அமெரிக்கா யாரு? தெரியாது. சைனா? ரோடு போட்றவன். அவன் வயித்துல அடிக்கிற பெரிய ஆளு யாரு தெரியுமா? நம்ம. இந்தியாக்காரனும் வியட்நாம்காரனும். ரேட்ட நம்ம ரெண்டு பேருதான் வைக்கிறோம், சீசன் நடுவுல வாங்குறத நிறுத்திட்டு விலை விழற வரைக்கும் காத்திருக்கிறதும் நம்மதான். சுமார் 10 லட்சம் டன் கொட்டை விளையுது, உலகத்துலயே இவங்கதான் முதலிடம், ஆனா ரொம்ப வருஷமா உடைக்காம அப்படியே மூட்டை கட்டி ஏத்தி விட்டானுங்க. இப்ப அரசாங்கம் முழிச்சிக்கிச்சு. சீசன் ஆரம்பத்துல விவசாயிக்கு கொறஞ்சபட்ச விலை அறிவிக்கிறாங்க, 2024ல கிலோ 275 சீஃபா பிராங்கு (இவங்க ஊரு காசு), 2025ல 425. ஊர்லயே பாக்டரி போட்றவனுக்கு சலுகை. பக்கத்துல பெனின் நாடு இன்னும் ஒரு படி மேல போயி 2024 ஏப்ரல் 1ல இருந்து பச்சைக் கொட்டை வெளிய போகவே கூடாதுன்னு தடை போட்டுட்டாங்க, வேணும்னா இங்க வந்து உடைச்சி பருப்பா எடுத்துட்டு போன்றாங்க.

இதக் கேட்டு நம்ம பண்ருட்டி ஆளுங்க போன்ல எங்கிட்ட கத்துனாங்க, இது அநியாயம் எங்க தொழில நாசம் பண்றானுங்கன்னு. நான் ஒண்ணும் சொல்லல. ஆனா யோசிச்சி பாருங்க, வியட்நாம் 90கள்ல நமக்கு செஞ்சதும் இதான், நம்ம அமெரிக்காகிட்ட கேக்குறதும் இதான், எங்க சரக்க நாங்களே செஞ்சி விக்கிறோம் வழிய விடுன்னு.

இன்னொண்ணு, பழைய ஆளுங்களுக்கு தெரிஞ்சிருக்கும். மொசாம்பிக். போர்ச்சுகீஸ்காரன் பிரேசில்ல இருந்து எடுத்தாந்து கோவாவுலயும் நட்டான், அங்கயும் நட்டான். ஒரு காலத்துல உலகத்துலயே பெரிய முந்திரி நாடு அதுதான், சொந்த பாக்டரி இருந்துச்சு. உள்நாட்டு சண்டைல நொந்து கெடந்தப்ப கடனுக்கு போயி நின்னாங்க, 1995 வாக்குல உலக வங்கி பச்சைக் கொட்டை ஏத்துமதி வரிய கொறைச்சாத்தான் கடன்னு நிபந்தனை போட்டுச்சு. கொறைச்சாங்க. கொட்டை பூரா கப்பலேறிச்சு. பாக்டரி ஒண்ணு ஒண்ணா மூடி ஆயிரக்கணக்கான பேரு, அதுலயும் நெறைய பொம்பளைங்க, வீட்டுக்கு போயிட்டாங்க. கப்பல் எங்க போச்சு? நம்ம ஊருக்குத்தான். அந்த வருஷங்கள்ல பண்ருட்டிலயும் கொல்லத்துலயும் ஷெட்டு ஷெட்டா முளைச்சுதே, அதுல கொஞ்சம் அவங்க வயித்துல இருந்து வந்தது. நம்ம யாரும் கெட்டவங்க இல்ல, கொட்டை சல்லிசா வந்துச்சு வாங்குனோம். ஆனா இன்னிக்கு அந்த 25 பர்சன்ட் அபராதத்த பாத்து "நமக்கு என்ன சம்பந்தம்"னு நீ கேக்குற பாரு தம்பி, அதே கேள்விய மொசாம்பிக்ல ஒரு அக்காவும் கேட்டிருக்கும்.

பெரிய ஆளுங்க ஆட்டம்னு கேட்டியே, இங்க கண்ணு முன்னாடி நடக்குது. 2025 பிப்ரவரில அபிஜான் பக்கத்துல இருந்த பிரெஞ்சு ராணுவ முகாம இவங்ககிட்ட ஒப்படைச்சிட்டு கெளம்பிட்டாங்க. அபிஜான் துறைமுகத்துல ரெண்டாவது கண்டெய்னர் டெர்மினல் சைனா கடன்ல சைனா கம்பெனி கட்டுனது, உன் கொட்டை அந்த வழியா கூட வந்திருக்கலாம். வடக்க மாலி, புர்கினா ஃபாசோ ரெண்டுலயும் ரஷ்யாக்காரன் வந்து உக்காந்துட்டான், நைஜரையும் சேத்து மூணு நாடும் 2025 ஜனவரில மேற்கு ஆப்பிரிக்க கூட்டமைப்பு எக்கோவாஸ விட்டே வெளிய போயிட்டாங்க. ஆனா பிரெஞ்சுக்காரன் போயும் காசு இன்னும் அவன் கயித்துலதான் தொங்குது, 1 யூரோவுக்கு 655.957 சீஃபான்னு கட்டி வச்சிருக்காங்க, பைசா மாறாது. யூரோ ஏறுனா இவங்க கொட்டை டாலர்ல விலை ஏறும், அப்ப நாங்க பேரம் பேசுவோம், விவசாயிக்கு எதுக்கு விலை கொறையுதுன்னே புரியாது. ஃபிராங்க்ஃபர்ட்ல ஐரோப்பிய மத்திய வங்கில எவனோ வட்டிய ஏத்துனதுக்கு புவாக்கே பக்கத்துல ஒருத்தன் பையன் ஸ்கூல் பீஸ் கட்ட முடியல. இத நான் நேர்ல பாத்திருக்கேன்.


மந்தாரக்குப்பம்_ஐயா:

பேரப்பிள்ளை டைப் அடிச்சி தரான், நான் சொல்லச் சொல்ல. எனக்கு 74 வயசு.

தம்பி, யாரு பக்கம் நிக்கிறதுன்னு கேட்டியே, நெய்வேலிக்கு ஒரு தடவ வந்து பாத்திருக்கியா? உங்க ஊர்ல இருந்து கிட்டதான். ஜம்புலிங்க முதலியாரு நிலத்துல போர் போட்டப்ப தண்ணியோட கருப்பா வந்துச்சுன்னு சின்ன வயசுல கதை கதையா சொல்வாங்க. 1957ல நேரு வந்து சுரங்க வேலைய தொடங்கி வச்சாரு. மண்ண வெட்ட வந்த அந்த ராட்சச பக்கெட் வீல் மெஷின் மேற்கு ஜெர்மனி. அதுல வெட்டுன கரிய எரிச்சி கரண்ட் எடுக்க கட்டுன மொத அனல் மின் நிலையம் சோவியத் ரஷ்யா, 1962ல மொத யூனிட் ஓடிச்சு, மொத்தம் 600 மெகாவாட். அப்ப பெர்லின்ல இந்த ரெண்டு கோஷ்டியும் நடுவுல சுவர எழுப்பி துப்பாக்கிய நீட்டிக்கிட்டு நின்ன நேரம். இங்க ஒருத்தன் வெட்டுன கரி இன்னொருத்தன் பாய்லர்ல எரிஞ்சுது. எங்கப்பா ரெண்டு பேருகிட்டயும் வேலை பாத்தாரு. ரஷ்யாக்காரரு ஒருத்தரு சந்தைல கத்திரிக்கா வாங்க வெரல காட்டி காட்டி பேரம் பேசுவாராம், கடைசில கடைக்காரரு ரெண்டு எக்ஸ்ட்ரா போட்டு அனுப்பிடுவாராம். ஸ்கூல்ல எங்களுக்கு குடுத்த பால் பவுடர், ரேஷன் கோதுமை அமெரிக்காவுது.

ஆனா அது சுகமா இருந்துச்சுன்னு நெனச்சிராத. 1965, 66ல மழை பொய்ச்சி பஞ்சம், அமெரிக்கா கோதுமை கப்பல் வந்தாத்தான் சோறுன்னு ஆச்சு. நம்ம ஆளுங்க வியட்நாம் போர கண்டிச்சி பேசுனது அமெரிக்க ஜனாதிபதி ஜான்சனுக்கு புடிக்கல, கப்பல மாசா மாசம் அவரே பாத்து பாத்து விட்டாரு. கப்பல்ல இருந்து நேரா வாய்க்குன்னு சொல்வாங்க. அந்த அவமானத்துலதான் பசுமைப் புரட்சிக்கு அந்த வேகம் வந்துச்சு.

1991ல சோவியத்தே காணாமப் போச்சு. எந்த நாட்ட நம்பி மெஷின் வாங்குனோமோ அந்த நாடே மேப்புல இல்ல. எங்க ஒர்க்‌ஷாப்புல தேஞ்ச பாகத்த பாத்து பாத்து நாங்களே லேத்துல கடைஞ்சி மாட்டுனோம், ஒண்ணு ரெண்டு மொத தடவ சரியா உக்காராது, ராத்திரி பூரா நின்னு திரும்ப கடைவோம். அந்த நிலையம் 2020 வரைக்கும் ஓடிச்சு. எங்க சாரு எங்க சாருன்னு சொல்றியே, அவருகிட்ட கேளு, எல்லார் கூடயும் பழகுனது மட்டுமா காப்பாத்துச்சு, அந்த கடைசலும் சேந்துதானே?


நடுவீரப்பட்டு_மக:

எல்லாரும் நல்லா எழுதியிருக்கீங்க. ஆனா மொத்த திரெட்ல ஒருத்தரும் கையப் பத்தி பேசல.

எங்கம்மா 26 வருஷம் முந்திரி உடைச்சவங்க. கொட்டை ஓட்டுல இருக்கிற எண்ணெய் பட்டா தோல் கருகிரும், விளக்கெண்ணெய தடவிக்கிட்டு, சாம்பல பூசிக்கிட்டு உக்காருவாங்க, இருந்தாலும் வெரல் நுனி கருப்புதான். ஆதார் எடுக்கப் போனப்ப ரேகை விழல, மூணு தடவ திருப்பி அனுப்புனாங்க. கூலி கிலோ கணக்கு. அவுட்டர்ன் கொறஞ்சா முதலாளி திட்டுவாரு, உடைசல் அதிகமானா கூலில புடிப்பாங்க, டாலர் ஏறுனாலும் சரி அமெரிக்கா வரி போட்டாலும் சரி மொதல்ல அம்மாவுக்கு "இந்த வாரம் மூணு நாள்தான் வேலை"ன்னு வரும். முத்தியால்பேட்டை அண்ணன் சொன்ன மொசாம்பிக் அக்கா எங்கம்மா மாதிரிதான் இருந்திருக்கும். அண்ணா அதப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் போன கீழ வச்சிட்டேன்.

இப்ப புயலு. தானே 2011 டிசம்பர் 30 விடியக்காலைல கரை ஏறிச்சு, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவுல. எங்களுக்கு ரெண்டு ஏக்கர் முந்திரி, நடுவுல பத்துப் பலா. காலைல போயி பாத்தா காடே படுத்துக்கிடக்கு, நின்ன மரத்துல ஒரு எலை இல்ல, வெயில் காலத்துல கூட நெழலா இருக்கிற எடம் வெட்டவெளியா வானம் தெரியுது. அப்பா அழல, ஒரு வேரு மேல உக்காந்து பீடி பத்த வச்சாரு. அடுத்து விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்து ரகம், வி.ஆர்.ஐ. 3 ஒட்டுக்கன்னு வாங்கி நட்டோம். ஒட்டுக்கன்னு மூணு வருஷத்துல காய்க்கும்னாலும் வீட்டு செலவ தாங்குற அளவுக்கு காய்க்க ரொம்ப நாள் புடிக்கும், அந்த நாளெல்லாம் யாரு சோறு போட்றது? அக்கம்பக்கத்துல நெறைய பேரு சவுக்கு போட்டுட்டாங்க, நாலு வருஷத்துல வெட்டி காசாக்கிடலாம்னு. அந்தக் காடு திரும்ப முந்திரியா மாறல. தம்பி அப்பா சொன்னது சரிதான், ஆனா முழுசா இல்ல, வெளிநாட்டுக் கொட்டை அதுக்கு முன்னாடியே வந்துனுதான் இருந்துச்சு, தானேக்கு அப்புறம் அது இல்லாம ஓடாதுன்னு ஆச்சு.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல். புதுச்சேரில ஒரே நாள்ல 48 சென்டிமீட்டர் கிட்ட மழை, நான் அங்க தங்கி வேலை பாக்குறேன், ரெயின்போ நகர்ல படகு விட்டாங்க. அடுத்து சாத்தனூர் அணைய தொறந்தாங்க, ஒரு லட்சத்து அறுபதாயிரம் கனஅடிக்கு மேல, தென்பெண்ணை கரை ரெண்டையும் தின்னுட்டு போச்சு. எங்க மரம் இந்த தடவ விழல. ஆனா முந்திரிக்கு தை மாசி பூ, அந்த நேரத்துல பனியும் மேகமும் அடிச்சா பூ கருகும், தேயிலைக் கொசுன்ற சாறு உறிஞ்சுற பூச்சி எறங்கும். மரம் நிக்குது காய் இல்ல, இதுக்கு நிவாரணம் யாரும் எழுதறதில்ல, ஏன்னா போட்டோல மரம் நிக்குதே.

இந்தப் புயலுக்கும் வெயிலுக்கும் காரணமான புகைய அதிகமா விட்டது யாருன்னு தெரியும். 2009ல கோபன்ஹேகன் காலநிலை மாநாட்டுல பணக்கார நாடுங்க வளரும் நாடுங்களுக்கு வருஷம் 100 பில்லியன் டாலர் தரோம்னாங்க, 2020க்குள்ள. அந்தக் கணக்கு எட்டுனதே 2022லதான், அதுலயும் பாதிக்கு மேல கடன். 2024ல அஜர்பைஜான் தலைநகரு பாகுல நடந்த மாநாட்டுல வளரும் நாடுங்க 1.3 டிரில்லியன் கேட்டாங்க, 2035 வாக்குல வருஷம் 300 பில்லியன்னு முடிச்சிட்டாங்க, நம்ம நாட்டு பிரதிநிதி அங்கயே எழுந்து எதிர்ப்பு சொன்னாங்க. 2025 ஜனவரில ட்ரம்ப் வந்த அன்னிக்கே பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்துல இருந்து வெளிய போக கையெழுத்து போட்டாரு, மார்ச்ல காலநிலையால அடி வாங்குன நாடுங்களுக்கான இழப்பு சேத நிதி போர்டுல இருந்தும் விலகிட்டாங்க. அமெரிக்காவ நம்பாதன்னு மட்டும் இல்ல. நெய்வேலி ஐயா பெருமையா சொன்ன அந்த பழுப்பு நிலக்கரியும் புகைதான் ஐயா, கோச்சிக்காதீங்க. அந்த கரண்ட்லதான் நான் படிச்சேன், அதுவும் உண்மை. ரெண்டையும் சேத்துத்தான் முழுங்க வேண்டியிருக்கு.

ஐரோப்பாக்காரங்க 2026 ஜனவரில இருந்து அவங்க ஊருக்குள்ள வர இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம் எல்லாத்துக்கும் கார்பன் (புகை) கணக்கு பாத்து காசு வாங்கப் போறாங்க. முந்திரி அதுல இல்ல, இப்போதைக்கு. எங்கம்மா வேலை பாத்த ஷெட்டுல பாய்லருக்கு கொட்டை ஓடுதான் எரிச்சாங்க, அத ஒருநாள் எவனாச்சும் வந்து புகைன்னு எழுதுவானா, விவசாயக் கழிவுன்னு எழுதுவானா? எழுதுறப்ப அந்த ரூம்ல நம்ம ஆளு யாராச்சும் இருப்பாங்களா? எனக்கு அதான் பயம்.


மந்தாரக்குப்பம்_ஐயா:

கோவமில்ல பாப்பா. எங்கப்பா இருமி இருமித்தான் போனாரு. நீ சொன்னது சரி.


மணிலாபயிர்:

சரி நான் வெட்டியா பேசுனத வாபஸ் வாங்குறேன். ஆனா ஒரு கேள்வி, ஆப்பிரிக்காவுலயே எல்லாம் உடைக்க ஆரம்பிச்சிட்டா பத்து வருஷம் கழிச்சி பண்ருட்டி என்ன பண்ணும்? நியாயம் அவங்க பக்கம்னே வச்சிப்போம், அதுக்காக நம்ம பொம்பளைங்க வேலைய விட்டுட முடியுமா?


முத்தியால்பேட்டை_டு_அபிஜான்:

நல்ல கேள்வி, எனக்கும் ராத்திரில வர கேள்வி, ஏன்னா அப்ப என் வேலையும் போயிரும். நான் பாக்குறத சொல்றேன். இங்க பாக்டரி வருது, ஆனா ஓட்ட ஆள் பத்தல. தோல் எடுத்து கிரேடு பிரிக்கிற நுணுக்கம் இன்னும் கைக்கு வரல, முழுப்பருப்பா நிக்கிறது கம்மி, உடைசல் அதிகம். இங்க ஒரு பாக்டரில சூப்பர்வைசரா கேரளாக்காரரு ஒருத்தரு இருக்காரு, ராஜ மரியாதை. கொட்டைய கெஞ்சி வாங்குறத விட்டுட்டு ரெண்டு ஊரும் சேந்து ஒரு வழி பண்ணலாம், பாதி வேலை இங்க, தோலெடுத்து வறுத்து மசாலா போட்டு டப்பால அடைக்கிறது பண்ருட்டிலன்னு. இதெல்லாம் அரசாங்கம் பேசணும், நான் சொல்லி நடக்காது. நெய்வேலி ஐயா மாதிரி லேத் ஆளுங்க இங்க வந்தா கோடீஸ்வரன் ஆயிடுவாங்க, மெஷின் நின்னா வியட்நாம்ல இருந்து ஆள் வர வரைக்கும் எல்லாரும் வெளிய உக்காந்து டீ குடிக்கிறாங்க.


கொட்டமூட்டை_பையன் (காடாம்புலியூர்):

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரி மொத்தத்தையும் அப்பாவுக்கு சத்தமா படிச்சி காட்டுனேன், மூணு மணி வரைக்கும் ஆச்சு. மொசாம்பிக் வந்த எடத்துல நிறுத்தச் சொல்லி "அந்த வருஷம்தான் நான் இந்த ஷெட்டு போட்டேன்"னாரு, அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. எம்பது கிலோ அண்ணன் சொன்ன வெல்டிங் பட்டறை ஆள அப்பாவுக்கு தெரியுமாம், இப்ப வீட்டு கேட், கிரில் அடிக்கிறாராம். காலைல கெளம்பி அவர பாக்கப் போயிருக்காரு, கலர் சார்ட்டர் தவிர மத்ததெல்லாம் நம்மளே செய்ய முடியுமான்னு கேக்க. அம்மா இதெல்லாம் ஆவுற கதையான்னு சிரிக்குது.

நடுவீரப்பட்டு அக்கா, நீங்க எழுதுனதுக்கு அப்புறம் எங்க ஷெட்டுல அக்காங்க கைய பாத்தேன். தினமும் பாக்குற கைதான். கையுறை வாங்கித் தரேன்னேன், போட்டா வெரலுக்கு பருப்பு தெரியாது உடைஞ்சிரும் கூலி போயிரும்னு சொல்லிட்டாங்க. அதுக்கு என்ன பண்றதுன்னு யாருக்காச்சும் தெரிஞ்சா சொல்லுங்க.

முத்தியால்பேட்டை அண்ணா, ஒரே ஒரு கேள்வி, இப்ப கைல இருக்கிற கொட்டை அவுட்டர்ன் எவ்ளோ நிக்குது? அப்பா கேக்கச் சொன்னாரு.


முத்தியால்பேட்டை_டு_அபிஜான்:

47 நிக்குது. ஈரம் கொஞ்சம் இருக்கு, செப்டம்பர் சரக்கு, ஆசைப்படாத. அப்பாகிட்ட பிப்ரவரி புதுக் கொட்டைக்கு காத்திருக்கச் சொல்லு, கையுறை விஷயம் இங்க ஒரு பாக்டரில மெல்லிசா ஒண்ணு பாத்தேன், நாளைக்கு போட்டோ எடுத்து போட்றேன்.